நவசாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையல்

பார்ஸிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், பாலில் சர்க்கரை கலந்த கதையைச் சொல்லாமல் விடுகிறவர்கள் நம் நாட்டில் அநேகமாக இல்லை. நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வருஷந்தோறும் சொல்லி வருகிறேன். பாரஸீக தேசம் அராபியர் வசமான பிறகு, ஜரதுஷ்டிரரின் மதத்தைக் கைவிட மனமில்லாத சிலர் கப்பலேறிக் குஜராத்தின் கரையில் ஸஞ்ஜான் என்ற இடத்தில் வந்து இறங்கினார்கள். அந்நாட்டு அரசன் ஜாதி ராணா, "இங்கே இடமில்லை" என்பதற்கு அடையாளமாக விளிம்பு வரை பால் நிறைந்த பாத்திரம் ஒன்றை அனுப்பினான். வந்தவர்களின் புரோகிதர் அதில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டுத் திருப்பி அனுப்பினார். பால் ஒரு துளியும் சிந்தவில்லை. ருசி மட்டும் கூடிற்று.

அழகான கதைதான். ஆனால் பஹ்மன் கைகோபாத் என்ற பார்ஸிப் புரோகிதர் 1599-ஆம் வருஷத்தை ஒட்டிப் பாரஸீகச் செய்யுளில் எழுதிய 'கிஸ்ஸா-இ-ஸஞ்ஜான்' என்ற நூலில் இந்தப் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதில் உள்ளவை அரசன் விதித்த நிபந்தனைகள். எங்கள் பாஷையைப் பேச வேண்டும். உங்கள் ஸ்திரீகள் எங்கள் நாட்டு உடையை உடுத்த வேண்டும். ஆயுதங்களைக் களைந்துவிட வேண்டும். கல்யாணங்களை மாலை வேளையில் நடத்த வேண்டும். இவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றி அரசன் வாயே திறக்கவில்லை. அது நல்லதாயிற்று என்பது என் அபிப்பிராயம். சட்டம் போடாத இடத்தில்தான் இரண்டு ஜனங்கள் உண்மையில் எப்படிக் கலந்தார்கள் என்று பார்க்க முடியும். சர்க்கரை பாலில் கரைந்துவிட்டால் பிறகு சர்க்கரையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பார்ஸிகளின் 'தான்சாக்' சட்டியிலோ வந்தவர்களின் பங்கு எது, இருந்தவர்களின் பங்கு எது என்று இன்றைக்கும் கரண்டியால் எடுத்துக் காட்டலாம்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்தச் சட்டியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கும் என் மனைவிக்கும் கிடைத்தது. பம்பாய் என்று நாம் சொல்லிப் பழகிய மும்பையில், என்னுடன் கல்லூரியில் படித்த பார்ஸி நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பெரியம்மா நவசாரியில் பூர்வீக வீட்டில் வசிக்கிறார். "நீ எத்தனை புஸ்தகம் படித்தாலும் எங்களைப் புரிந்துகொள்ள மாட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வா" என்று சொல்லி ரயிலேற்றிவிட்டார்.

பம்பாயிலிருந்து ஸூரத் போகும் பாதையில் சுமார் 230 கிலோமீட்டர் பிரயாணம். தாஹணுவைத் தாண்டினால் சப்போட்டாத் தோப்புகள், இடையிடையே பனை மரங்கள், உப்பங்கழிகள். ஸ்டேஷன் பெயர்களே இங்கே ஒரு சரித்திரப் பாடம். முதலில் ஸஞ்ஜான். அகதிகள் இறங்கிய அவ்வூரில் 1920-இல் நாட்டிய ஞாபக ஸ்தம்பம் இருக்கிறது. அடுத்து உத்வாடா. ஸஞ்ஜானில் வளர்த்த புனித அக்கினியை, பகைவர் கையில் சிக்காமல் ஊர் ஊராக எடுத்துச் சென்று, கடைசியில் 1742-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இன்றுவரை அது அணையவில்லை. அப்பால் வல்ஸாட். அதற்கப்பால் நவசாரி.

நவசாரி பெரிய நகரமல்ல. ஆனால் பார்ஸிகளுக்கு அது நமக்குக் கும்பகோணம் போல. புரோகிதர் குடும்பங்களின் ஊர். பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணை, மர வேலைப்பாடு, வாசற்படியில் சுண்ணப் பொடியால் அச்சுக் குத்திய கோலம் எல்லாம் உண்டு. கோலத்தைக் கண்டதும் என் மனைவிக்குப் பாதி ஊர் சொந்தமாகிவிட்டது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1839-இல் பிறந்த வீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1872-இல் ஏற்பட்ட மெஹர்ஜி ராணா புஸ்தகசாலையில் பழைய அவெஸ்தா ஏடுகள் இருக்கின்றன. ஆதஷ் பெஹ்ராம் என்னும் முதல் தரமான அக்கினி ஆலயங்கள் இந்தியாவில் எட்டே எட்டு: பம்பாயில் நான்கு, ஸூரத்தில் இரண்டு, உத்வாடாவில் ஒன்று, நவசாரியில் ஒன்று. பதினாறு வகை நெருப்பைச் சேகரித்துச் சுத்தி செய்து ஒன்றாக்கித்தான் அத்தகைய அக்கினியைப் பிரதிஷ்டை செய்வார்களாம். அவற்றில் மின்னல் விழுந்து மூண்ட நெருப்பும் ஒன்று. பிற மதத்தார் உள்ளே போகக் கூடாது. நாங்கள் தெருவில் நின்று மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சனிக்கிழமை மாலை தண்டிக்குப் போனோம். நவசாரியிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. 1930-ஆம் வருஷம் மார்ச்சு 12-ந் தேதி ஸபர்மதியில் கிளம்பிய மகாத்மா, 24 நாள் நடந்து ஏப்ரல் 5-ந் தேதி இந்தக் கரையை அடைந்தார்; மறுநாள் காலையில் ஒரு பிடி உப்பை அள்ளினார். நம் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்ததும் அதே ஏப்ரல் மாதந்தான். அப்போது நவசாரி பரோடா சமஸ்தானத்தில் சேர்ந்தது. தண்டி பிரிட்டிஷார் வசம். இன்று அங்கே 2019-இல் திறந்த ஞாபகச் சின்னம் இருக்கிறது. கடல் மட்டும் நம் கோடிக்கரைக் கடலைப் போலவே சேறும் அலையுமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. அவருடைய தாயார் சிறுமியாயிருந்தபோது, மகாத்மாவின் கூட்டம் நவசாரி வழியாகப் போனதைத் திண்ணையில் நின்று பார்த்தாராம். "நம் வீட்டில் கதராடை கட்டினார்களா?" என்று கேட்டேன். "ஒரு சித்தப்பா கட்டினார். மற்றொரு சித்தப்பா கள்ளுக்கடை வைத்திருந்தார்" என்று சிரித்தார். இதில் சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நவசாரிக் குடும்பத்தில் 1825-இல் தோன்றிய தாதாபாய் நௌரோஜி, 1906-இல் கல்கத்தாக் காங்கிரஸ் தலைமைப் பீடத்திலிருந்து 'ஸ்வராஜ்யம்' என்ற சொல்லை முழங்கினார். அவருடைய பேத்திகள் காந்தி மகானின் இயக்கத்தில் இறங்கி வேலை செய்தார்கள். ஆனால் பார்ஸிகள் எல்லோரும் அப்படி நின்றார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். 1921-இல் வேல்ஸ் இளவரசர் பம்பாய்க்கு வந்தபோது, அவரை வரவேற்கப் போன பார்ஸிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நடந்த கலகத்தைக் கண்டு மகாத்மா உண்ணாவிரதமே இருக்க நேர்ந்தது.

இனிச் சமையலறைக்குப் போவோம். மாமிசம் உண்ணாத வாசகர்கள் இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். அவர்களுக்கும் இந்தச் சட்டியில் ஒரு பங்கு உண்டு.

'தான்' என்றால் தானியம். இங்கே பருப்பைக் குறிக்கிறது. 'சாக்' என்பது வடமொழிச் சாகம், அதாவது காய்கறி. பெயரில் மாமிசமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியம்மா முதல் நாள் இரவே 200 கிராம் துவரம் பருப்போடு, மைசூர்ப் பருப்பும் பாசிப்பருப்பும் ஒவ்வொரு பிடி சேர்த்து ஊறவைத்திருந்தார். காலையில் ஒரு கீற்றுப் பரங்கிக்காய், ஒரு கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, ஒரு கட்டு வெந்தயக்கீரை, ஒரு கைப்பிடி புதினா, கொத்துமல்லித் தழை எல்லாவற்றையும் நறுக்கினார். அரைக் கிலோ ஆட்டிறைச்சி, எலும்போடு கூடியது, உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் தடவி ஒருபுறம் காத்திருந்தது.

சாதாரணமாக இறைச்சியையும் பருப்பையும் காயையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வேகவைப்பார்களாம். அன்று பெரியம்மா இரண்டையும் தனித்தனியே அடுப்பேற்றினார். காரணம் பின்னால் தெரிந்தது. பருப்பும் காயும் குழைந்ததும் மத்தால் கடைந்து, சல்லடையில் தேய்த்து வடித்தார். பரங்கிக்காய் எது, கத்தரிக்காய் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே கூழாகிவிட்டது. காய்ந்த மிளகாய், தனியா, சீரகம், பூண்டு, இஞ்சி இவற்றை அரைத்து நெய்யில் வதக்கினார். அதன் மேல் டப்பாவிலிருந்து மஸாலாப் பொடி: பட்டை, கிராம்பு, ஏலம், மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, அன்னாசிப்பூ, கல்பாசி. நம் செட்டிநாட்டு ஆச்சிமார்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் வாசனையைக் கொண்டே எல்லாவற்றையும் பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். கடைசியில் புளிக்கரைசல், அதன் கூர்மையைத் தணிக்கச் சிறிது வெல்லம்.

என் மனைவிக்கு ஹிந்தி தெரியாது; பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு மணி நேரமாக அவர்கள் இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். துவரம் பருப்பு, பரங்கிக்காய், கத்தரிக்காய், தனியா, புளி, வெல்லம் என்று ஒவ்வொன்றாகச் சட்டியில் விழ விழ என் மனைவியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. முடிவில் என் பக்கம் திரும்பி, "இது என்னங்க, கறி போட்ட சாம்பார்தானே?" என்றாள். நான் அதைப் பெரியம்மாவுக்கு ஹிந்தியில் சொல்லத் தொடங்கினேன். 'சாம்பார்' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து மற்றொரு டப்பாவை எடுத்து வந்தார். மிளகாய், வெந்தயம், கடுகு, பெருங்காயம் எல்லாம் எண்ணெய் விட்டுப் பிசறிய சிவந்த பொடி. "இதுதான் சம்பார் மஸாலா. இது விழாமல் தான்சாக் ஏது?" என்று இரண்டு கரண்டி போட்டார். நம் சாம்பார் குழம்பின் பெயர். அவர்களுடையது பொடியின் பெயர். என் மனைவிக்கு அந்த வித்தியாசம் முக்கியமாகப் படவில்லை. வழக்கு ஜெயித்துவிட்டது என்று இருந்துவிட்டாள்.

சட்டியைப் பிரித்துப் பார்ப்போம். இறைச்சியைப் பருப்போடும் கீரையோடும் சேர்த்து, புளிப்பாக ஏதாவது விட்டு, சிறு தீயில் நெடு நேரம் கொதிக்கவிடுவது ஈரானியர் வழக்கம். இன்றும் அவர்கள் வெந்தயக்கீரையும் உலர்ந்த எலுமிச்சங்காயும் போட்டு ஆட்டிறைச்சி சமைக்கிறார்கள். பிளந்த கடலைப்பருப்போடும் சமைக்கிறார்கள். ஆகவே அடிப்படை யோசனை கப்பலில் வந்தது. துவரம் பருப்பு, புளி, வெல்லம், தாளிதம், இவை குஜராத்தியின் வீட்டிலிருந்து வந்தவை. புளிப்பும் இனிப்பும் ஒன்றாக நாக்கில் படாவிட்டால் குஜராத்திக்குப் பருப்பு இறங்காது. பரங்கிக்காயோ? நம் பாஷையே சொல்லிவிடுகிறது: அது பரங்கியின் காய். மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி போல அதுவும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த சரக்கு. ஸஞ்ஜானில் இறங்கியவர்கள் அதைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள். இன்று அது இல்லாத தான்சாக்கைப் பெரியம்மா தான்சாக் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் அன்னாசிப் பழத்தை ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டார். இங்கிலாந்திலுள்ள 'இந்தியச்' சாப்பாட்டுக் கடைகளில் தான்சாக் என்ற பெயரில் ஒரு குழம்பு விற்கிறார்கள்; சில இடங்களில் அதில் அன்னாசித் துண்டுகளும் மிதக்கும். இதை நான் சொன்னதும் பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "நம் நாட்டிலிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றையாவது கெடுக்காமல் வைத்திருக்கக் கூடாதா?" என்றார். தாதாபாய் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பதினொரு மணிக்கு மகளும் மருமகனும் பேத்தியும் ஸூரத்திலிருந்து வந்தார்கள். மருமகன் பார்ஸி அல்லர், குஜராத்தி வைஷ்ணவர், மாமிசம் தொடாதவர். பெரியம்மா கடைந்த பருப்பில் ஒரு பெரிய கிண்ணம் தனியே எடுத்து மூடி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இறைச்சியைச் சட்டியில் சேர்த்தார். தனித்தனி அடுப்பின் காரணம் இதுதான். "இவருக்காகப் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பஹ்மன் மாதத்தில் எங்களில் ஆசாரமுள்ளவர்களும் மாமிசம் சாப்பிட மாட்டோம். அப்போது இப்படித்தான்" என்றார். பக்கத்தைத் திருப்பாமல் வந்த சைவ வாசகர்களுடைய பங்கு அந்தக் கிண்ணந்தான்.

மகள் அந்த ஊர் ஆதஷ் பெஹ்ராமுக்குள் போவதில்லை, பேத்தியும் போவதில்லை. பார்ஸித் தகப்பனுக்குப் பிற ஜாதிப் பெண்ணிடம் பிறந்த குழந்தை பார்ஸி ஆகலாம் என்று 1908-இல் பம்பாய் ஹைகோர்ட் தீர்ப்பில் அபிப்பிராயம் சொல்லப்பட்டது. பார்ஸித் தாய்க்குப் பிற ஜாதிக் கணவனிடம் பிறந்த குழந்தைக்கு வழக்கத்தில் அந்த இடம் இல்லை. நம் நாட்டு நியாயங்கள் பலவும் ஆண் பிள்ளையின் பக்கமே சாய்கிறவை. இவர்களுடையது மட்டும் எப்படி நிமிர்ந்து நிற்கும்? இதற்கிடையே ஜனத்தொகையோ இறங்கிக்கொண்டே வருகிறது. 1941-இல் இந்தியாவில் 1,14,890 பார்ஸிகள் இருந்தார்கள். 2011 கணக்கில் 57,264 பேர். சர்க்காரே 2013-இல் 'ஜியோ பார்ஸி' என்று ஒரு திட்டம் போட்டு, குழந்தை பெறுவதற்கு உதவி செய்ய முன்வந்தது. நவசாரியின் தெருக்களில் பூட்டிய கதவுகளை எண்ணினால் புள்ளிவிவரம் வேண்டியதில்லை.

மேஜையில் சாப்பாடு வந்தது. வெள்ளைச் சோறு அல்ல. சர்க்கரையை நெய்யில் கருக்கி, வறுத்த வெங்காயமும் பட்டையும் கிராம்பும் சேர்த்து வடித்த பழுப்புச் சோறு. வெங்காயத்தை வினிகரில் நனைத்த கச்சூம்பர். உருண்டைக் கபாப். இறைச்சி எலும்பைவிட்டுத் தானே விலகிற்று. பருப்பின் கனமும் புளியின் கூர்மையும் அடியில் எங்கோ ஒளிந்திருந்த புதினாவும் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரிந்தன. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் முறை என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் உங்கள் கல்யாணங்களிலும் பரிமாறுவீர்களா?" என்று அவள் என் மூலமாகக் கேட்டாள். மேஜையைச் சுற்றி எல்லோரும் ஒரு கணம் சும்மா இருந்தார்கள். பிறகு பெரியம்மாதான் பதில் சொன்னார். சுபகாரியங்களுக்குத் தான்சாக் ஆகாது. வீட்டில் ஒருவர் இறந்தால் மூன்று நாள் மாமிசம் கிடையாது. நான்காம் நாள் காலைச் சடங்கு முடிந்த பிறகு இதைச் சமைத்து, உறவினர் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுத் துக்கத்தைத் தீர்ப்பார்கள். கல்யாணத்துக்கும் பிறந்த நாளுக்கும் வெறும் பருப்பும் வெள்ளைச் சோறும் மீன் குழம்புந்தான். மற்றப்படி ஞாயிற்றுக்கிழமைக்குத் தோஷமில்லை.

அந்தப் பேச்சிலேயே மகள் வல்ஸாட் வழக்கைச் சொன்னாள். பிற மதத்தில் கல்யாணம் செய்துகொண்ட பார்ஸிப் பெண் ஒருத்தி, தன் தாய் தகப்பனாரின் அந்திமச் சடங்கில் கலந்துகொள்ளும் உரிமைக்காக ஸுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டியிருந்தது. 2017 டிஸம்பரில்தான் வல்ஸாட் பார்ஸி சபையார் கோர்ட்டில் அதற்குச் சம்மதித்தார்கள். மகள் இதைத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வல்ஸாட் நவசாரிக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் ஒவ்வோர் ஊர்ச் சபைக்கும் ஒவ்வொரு தீர்மானம்.

பெரியம்மா பேத்தியின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். "தீக்ரா," என்று என்னைக் கூப்பிட்டார். மகனே என்று அர்த்தம். "சடங்குக்கு யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்கலாம் என்பதைச் சபையார் சொல்லட்டும். அவர்களோடு சண்டை போட எனக்கு வயசில்லை. என் நான்காம் நாள் சட்டியை மட்டும் இவள்தான் ஏற்றுவாள். அதைச் சொல்லி வைத்துவிட்டேன்."

மருமகன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பிற்று.

தான்சாக் சாப்பிட்டவர்கள் தூங்காமல் இருந்ததாக நவசாரியில் வரலாறு கிடையாது. இரண்டு மணிக்குள் வீடு அடங்கிவிட்டது. நான் திண்ணைச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்து, விழித்து, தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, சமையலறையில் பேத்தியும் என் மனைவியும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்திக்குப் பத்தொன்பது வயது; பரோடாவில் படிக்கிறாள். அவளிடம் ஒரு சிறிய தராசும் ஒரு நோட்டுப் புஸ்தகமும் இருந்தன. பாட்டி எதையும் அளந்து போடுவதில்லை. 'ஒரு பிடி', 'அரைப் பிடி' என்பதே கணக்கு. ஆகவே இவள் சில மாதங்களாக, வரும்போதெல்லாம், பாட்டியின் கையிலுள்ளது சட்டியில் விழுவதற்கு முன்னால் தராசில் வாங்கி நிறுத்து எழுதி வருகிறாளாம். பாட்டி முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டுவாராம்.

என் மனைவி அந்தப் பக்கத்தைத் தமிழில் பிரதி செய்துகொண்டிருந்தாள். தனியா என்ற வரிக்கு நேரே மூன்று எண்கள் இருந்தன: 18, 23, 20. எது சரி என்று சைகையால் கேட்டாள். பேத்தி மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள். மூன்றையும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறோம்.